லாண்ட்மாஸ்டர் எஞ்சினில் மோட்டார் சைக்கிள் செய்யலாமா?

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் பழைய லாண்ட்மாஸ்டர் எஞ்சின் ஒன்று கொட்டிலுக்குள் சும்மா கிடக்கிறதாம். மாமா விட்டுப்போன ஹொண்டா சிடி 125 ஒன்றும் கிடக்கிறதாம். இரண்டையும் பொருத்தி டீசலில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் செய்யலாமா, செய்தால் எண்ணெய்க் காசு மிஞ்சுமா, அதுவும் சரிவராவிட்டால் முந்தி மண்ணெண்ணெயில் ஓடினது போல இருக்கிற பெற்றோல் எஞ்சினுக்குள்ளேயே டீசலை விட்டு ஓட முடியாதா என்று மூன்று கேள்வி.

செய்யலாம், ஆனால் அந்த எஞ்சினில் இல்லை. காசு மிஞ்சாது. மூன்றாவது நடக்கவே நடக்காது. இவ்வளவுதான் பதில், இனி வருவது விளக்கம், கொஞ்சம் நீளும். நான் பரந்தனுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிறவன். லாண்ட்மாஸ்டர், வாட்டர் பம், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். டீசல் மோட்டார் சைக்கிள் இதுவரை ஒன்றரை செய்திருக்கிறேன். அந்த அரை எது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மண்ணெண்ணெய்க் கதை, ஏனென்றால் இந்தக் குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. 1990 இல் மறுபடி சண்டை தொடங்கி எரிபொருள் தடை வந்த பிறகு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. நான் அப்போது மாமாவின் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பொடியன். சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, கார்பரேற்றர் வாய்க்குள் ஒரு பீச்சு பீச்சி, கிக் அடித்து, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்போம். எஞ்சின் தட்டும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் குறைவு, அதனால் ஸ்பார்க்கின் தீ போய்ச்சேர முந்தியே மிச்சக் கலவை தானாக வெடித்து எரியும். அதற்காக புளொக்குக்குக் கீழே கூடுதலாக ஒரு கஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார்கள். வெள்ளைப் புகை, கண் எரிவு, அடிக்கடி பிளக் கழற்றிச் சுரண்டல் எல்லாம் இருந்தது, ஆனாலும் ஓடியது. ஓடினதற்குக் காரணம், சூடான எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒரு மாதிரியாவது ஆவியாகும், ஆவியானால் ஸ்பார்க் பற்றவைக்கும்.

டீசல் அப்படி ஆவியாகாது. கார்பரேற்றருக்குள் டீசலை விட்டால் அது துளித்துளியாக உள்ளே போய், சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். பற்றினாலும் பாதிதான் பற்றும். டீசல் எஞ்சினில் நடப்பது வேறு வேலை. அங்கே வெறும் காற்றை மட்டும் 17 இல் ஒரு பங்கு, 20 இல் ஒரு பங்கு என்று நெரிக்கிறோம். நெரிபட்ட காற்றே தீயாகச் சுடும். அந்தச் சூட்டுக்குள் நொசில் வழியாக டீசலைப் புகைபோல அடிக்கிறோம், தானாகப் பற்றுகிறது. பிளக்கும் இல்லை, கார்பரேற்றரும் இல்லை. நொசில் திறக்கவே ஏறக்குறைய 200 கிலோ அமுக்கம் வேண்டும், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றரில் 200 கிலோ. சிடி 125 இன் புளொக்கும் கிராங்கும் இந்த வேலைக்குப் பிறந்தவை அல்ல. ஆகவே எஞ்சினை மாற்றித்தான் ஆகவேண்டும், எண்ணெயை மட்டும் மாற்ற முடியாது.

வேறு ஆட்கள் செய்திருக்கிறார்களா என்றால், நிறைய. சென்னையின் என்பீல்ட் இந்தியா நிறுவனமே தொழிற்சாலையில் செய்து விற்றது, பெயர் டோரஸ். அவர்களுடைய புல்லட் மோட்டார் சைக்கிளின் சேசி, அதற்குள் கிறீவ்ஸ் லொம்பார்டினி 325 சிசி டீசல் எஞ்சின், 6.5 குதிரைவலு. மணிக்கு 65 கிலோமீற்றர் போனால் பெரிய விஷயம், ஆனால் ஒரு லீற்றரில் 70 கிலோமீற்றருக்கு மேலே தந்ததால் பால்காரரும் வியாபாரிகளும் விரும்பினார்கள். பிறகு புகைச் சட்டம் இறுகி, நிறுத்திவிட்டார்கள். ஜேர்மனியில் சொமர் என்கிறவர் அதே புல்லட் சேசிக்குள் ஹட்ஸ் 462 சிசி எஞ்சினை வைத்துச் செய்தார், 11 குதிரைவலு. அமெரிக்க மரைன் படைக்கு கவசாக்கி கேஎல்ஆர் 650 ஐ வைத்து டீசலாக மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுடைய காரணம் சுவாரசியமானது. படையில் டாங்கி, லொறி, ஹெலிகொப்டர் எல்லாம் ஜேபி 8 என்கிற, மண்ணெண்ணெய்க்கு அண்ணன் தம்பி போன்ற ஒரு எண்ணெயில் ஓடும்போது மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் தனியாகப் பெற்றோல் காவிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கத்தான் அவ்வளவு காசு செலவழித்தார்கள். நெதர்லாந்தில் ஸ்மார்ட் காரின் மூன்று சிலிண்டர் 800 சிசி டேர்போ டீசல் எஞ்சினை வைத்து ட்ராக் என்ற பெயரில் ஒன்று செய்தார்கள், அதில் கியர் மாற்றுகிற வேலையே இல்லை. இதெல்லாம் நமக்குக் கட்டாது, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் செய்கிற ஆட்கள் உலகம் முழுக்கப் புல்லட்டைத்தான் தேடுகிறார்கள். ஏன் என்று கீழே வரும்.

இப்போது எஞ்சின். லாண்ட்மாஸ்டர் என்று நாங்கள் இரண்டு சில்லு உழவு மெசின் எல்லாவற்றையும் சொல்லிப் பழகிவிட்டோம், அது ஒரு பழைய பிரித்தானியக் கொம்பனியின் பெயர். அப்பாவின் எஞ்சின் குபோட்டாவோ சைனாவோ தெரியாது. இந்த ரக எஞ்சின் என்ன எடை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சைனா எஸ் 195 என்று எங்கும் கிடைக்கிற 12 குதிரைவலு எஞ்சின், 815 சிசி, நிமிடத்துக்கு 2000 சுற்று, எடை ஏறக்குறைய 145 கிலோ. ஒரு சிடி 125 முழுதாகவே அந்த எடை வராது. மேலே தண்ணீர்த் தொட்டி வேறு, கொதித்து ஆவி போகிற மாதிரி, திறந்தபடி. வளைவில் சரித்தால் கொதிதண்ணீர் காலில்.

இதைத்தான் நான் முதலில் செய்து பார்த்தேன். என் ஒன்றரையில் அரை அதுதான். வயதுக்கோளாறு. லாண்ட்மாஸ்டர் எஞ்சினைக் கிடையாக வைத்து, பழைய சேசி ஒன்றை நடுவில் வெட்டி நீட்டி, பெல்ட் போட்டு, எல்லாம் வெல்டிங் பண்ணி முடித்து ஸ்ராண்டில் நிறுத்தினேன். மாரி காலம், முற்றம் நனைந்திருந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் ஸ்ராண்ட் மண்ணுக்குள் புதைந்து, வண்டி மாமரத்தில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. நிமிர்த்த நாலு பேர் வேண்டியிருந்தது. நாலு பேர் நிமிர்த்துகிற சாமானை ஒரு ஆள் கிறவல் றோட்டில் ஓட்டுவது எப்படி? ஒரு மீற்றரும் ஓடாமல் கழற்றினேன்.

உங்களுக்கு வேண்டியது காற்றில் குளிர்கிற, செங்குத்தான, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஜெனரேற்றரிலும் வாட்டர் பம்மிலும் வருகிற யன்மார் எல் 100, அல்லது அதைப் பார்த்துச் செய்த சைனா 186 எஃப். 400 சிசிக்குக் கொஞ்சம் மேலே, 3600 சுற்றில் 10 குதிரைவலு அளவு, எடை 50 கிலோவுக்குள். இதற்குக் கீழே 178 எஃப் என்று 300 சிசி அளவில் ஒன்று வரும், 6 குதிரைவலு. அது தனி ஆளுக்குப் போதும், பின்னால் நெல் மூட்டை ஏற்றினால் போதாது. குளிர்விக்கிற காற்றாடி, எஞ்சினோடு சுற்றுகிற பாரமான பறக்கும் சில்லிலேயே (ஃபிளைவீல்) இருப்பதால் வண்டி மெதுவாகப் போனாலும் எஞ்சின் குளிரும், இது நமக்கு நல்ல விஷயம். வாய்க்கால் கட்டில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டு போகிற இடத்தில் சாதாரண மோட்டார் சைக்கிள் எஞ்சின் கொதிக்கும், இது கொதிக்காது. ஆனால் அந்தக் காற்றாடி வாயில் வைக்கோலோ சேறோ அடைத்தால் கதை முடிந்தது. சிறுபோகத்து அறுவடை நேரம் ஒவ்வொரு நாளும் பாருங்கள். எயார் ஃபில்டர் ஒயில் ஊற்றுகிற ரகமாக இருக்கட்டும், எங்கள் செம்மண் தூசிக்குக் கடதாசி ஃபில்டர் ஒரு கிழமை தாங்காது.

எஞ்சின் கிடைத்தால் பாதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் கியர் பொக்ஸ். பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர் பொக்ஸ் தனி. எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் டீசலை வைத்து, நடுவில் செயினைப் போட்டால் சரி. அதனால்தான் எல்லாரும் புல்லட்டைத் தேடுகிறார்கள். சிடி 125 இலும் இப்போது றோட்டில் ஓடுகிற இந்திய வண்டிகளிலும் எஞ்சினும் கியர் பொக்ஸும் ஒரே பெட்டிக்குள். எஞ்சினைத் தூக்கினால் கியரும் போய்விடும்.

என் வழி இது. ஒற்றைச் சிலிண்டர் 125 அல்லது 150 சிசி எஞ்சின் ஒன்று, புளொக் பிடித்து மேற்பாதி நாசமானது, பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். ஹெட், புளொக், பிஸ்டன் எல்லாவற்றையும் கழற்றி எறியுங்கள். கிராங்கையும் எடுங்கள். சிலர் கிராங்கை விட்டு, பிஸ்டனைப் பிடிக்கிற கம்பியை மட்டும் எடுப்பார்கள். அது பிழை. பிஸ்டனுக்கு எதிர்ப்பாரமாக வைத்த எடை அப்படியே இருக்கும், பிஸ்டன் இருக்காது, அதனால் தானே ஒரு நடுக்கம் பிடிக்கும். லேத்தில் கொடுத்து, அதே பெயரிங் அளவுக்கு ஒரு நேர் சாவ்ட் கடைந்து, வலப்பக்கம் கிளச்சை ஓட்டுகிற பழைய பல்லை, அதாவது பற்சக்கரத்தை, மாட்டி, இடப்பக்கம் வெளியே செயின் பல் ஒன்று மாட்டுங்கள். ஒயில் பம் அந்தச் சாவ்ட்டில்தான் ஓடுகிறது என்றால் அதையும் விடாதீர்கள், மேலே ஹெட்டுக்குப் போகிற ஒயில் வழியை மட்டும் அடைத்துவிடுங்கள். இப்போது உங்களுக்குக் கிளச்சோடு ஒரு கியர் பொக்ஸ் இருக்கிறது, விலை ஒன்றுமில்லை.

சுற்றுகிற திசையைப் பார்க்க மறக்காதீர்கள். இந்தச் சின்ன டீசல்கள் பெரும்பாலும் சாவ்ட் வெளியே நீட்டுகிற பக்கத்திலிருந்து பார்த்தால் மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வண்டியின் இடப்பக்கம் நின்று பார்த்தால் முன்னே போகிற சில்லும் அதே திசைதான். ஆகவே சாவ்ட்டை இடப்பக்கம் வைத்துச் செயின் போட்டால் சரியாக வரும். ஆனாலும் உங்கள் எஞ்சினில் அம்புக்குறி பார்த்து, கையால் சுற்றிப் பார்த்து, பிறகு வெட்டுங்கள். நாலு கியர் பின்னுக்குப் போகிற மோட்டார் சைக்கிளைச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் அடிக்க வருவார்.

பல் கணக்கு. இதைப் பிழைத்தால் லாண்ட்மாஸ்டர் வேகத்தில் கத்திக்கொண்டு போவீர்கள். பெற்றோல் எஞ்சின் 8000 சுற்று சுற்றும், டீசல் 3600 இல் நின்றுவிடும். கியர் பொக்ஸ் மட்டும் பெற்றோலுக்குச் செய்தது. டொப் கியரில் போட்டு, புதுச் சாவ்ட்டைக் கையால் சுற்றி, பின் சில்லு ஒரு முழுச் சுற்று வர அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒன்பதரை என்று வைத்துக்கொள்வோம். 18 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 2 மீற்றர் போகும். டீசலை நேராகப் பூட்டினால் 3600 ஐ 9.5 ஆல் பிரிக்க 379, அதை இரண்டால் பெருக்க நிமிடத்துக்கு 758 மீற்றர், மணிக்கு 45 கிலோமீற்றர். அவ்வளவுதான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போய்ச்சேர ஒரு போகம் ஆகும். டீசல் பக்கம் 28 பல்லும் கியர் பொக்ஸ் பக்கம் 18 பல்லும் போடுங்கள். சாவ்ட் இப்போது 5600 சுற்று சுற்றும், வண்டி 70 போகும். 10 குதிரைவலுவில் நிமிர்ந்து இருந்துகொண்டு 70 என்பது நியாயமான வேகம். இன்னும் பெரிய பல் போட்டால் 90 வரும் என்று கடதாசி சொல்லும், எதிர்க்காற்றுக்கு அந்தக் கடதாசி தெரியாது.

இந்தப் பல் மாற்றத்தில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. டீசலின் முறுக்கு விசை 20 நியூட்டன் மீற்றர் அளவு, 125 சிசி கிளச் பழகியதோ 10 அல்லது 11. நேராகப் பூட்டினால் கிளச் வழுக்கும், எரியும். 28க்கு 18 என்று வேகத்தைக் கூட்டும்போது முறுக்கு அதே அளவில் குறைந்து 13 ஆகிறது. கிளச் தாங்குகிறது. 150 சிசி பெட்டி என்றால் நிம்மதியாகவே தாங்கும். ஸ்பிரிங் மட்டும் புதிதாகப் போடுங்கள், ஏனென்றால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இழுப்பது கையால் இழுப்பது போல இல்லை, சம்மட்டியால் அடிப்பது போல, ஒவ்வொரு அடியும் கிளச்சுக்குப் போய்த்தான் சேரும்.

அந்தச் சம்மட்டி அடி சேசிக்கும் போகும். நான் ஓடவிட்ட வண்டியில் முதல் மூன்று கிழமை எல்லாம் நன்றாக இருந்தது. அதிர்வு குறையட்டும் என்று எஞ்சினுக்குக் கீழே லொறி றப்பர் வைத்திருந்தேன். கியர் பொக்ஸை இறுக்கிப் பூட்டியிருந்தேன். விசுவமடு தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தபோது எஞ்சின் ஒரு பக்கம் ஆடியது, கியர் பொக்ஸ் ஆடவில்லை, நடுவில் இருந்த செயின் அறுந்து கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. காலுக்குப் பட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிப் பார்த்தால் முன்பக்க வெல்டிங்குக்குப் பக்கத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் 6 மில்லிமீற்றர்த் தகடு இரண்டுக்கு நடுவில் ஒரே கட்டையாக இறுக்குங்கள், அந்தக் கட்டையை முழுதாக றப்பரில் வைத்துச் சேசியோடு பூட்டுங்கள். பின் செயின் இழுக்கிற இழுப்பில் கட்டை பின்னுக்கு வராமல் இருக்க ஒரு இழுகம்பி வேண்டும். சேசிக் குழாயில் நேரே வெல்ட் பண்ணாதீர்கள், மெல்லிய குழாய், சூடு பட்ட ஓரத்தில்தான் வெடிக்கும். கீழே புதிதாக ஒரு தொட்டில் செய்து போல்டில் பூட்டுவது நல்லது. நட் எல்லாம் நைலோன் வைத்த நட். கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள், இந்த வண்டி நட்டுகளைக் கச்சான் கோது போல உதிர்க்கும்.

கச்சான் என்றதும் ஒன்று. 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம், பார்த்த ஆட்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடொல்ஃப் டீசலே பிறகு சொல்லியிருக்கிறார். முல்லைத்தீவில் விளைகிற கச்சானுக்கு இப்படி ஒரு எதிர்காலம் இருக்கிறது என்று நான் பகிடிக்குச் சொல்வதுண்டு. விலையைப் பார்த்தால் வறுத்துத் தின்பதுதான் லாபம்.

நிற்பாட்டுவதைப் பற்றி இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். பெற்றோல் வண்டியில் திறப்பைத் திருப்பினால் ஸ்பார்க் போய்விடும், எஞ்சின் நிற்கும். டீசலில் அறுக்க ஸ்பார்க்கே இல்லை. டீசலை அறுத்தால்தான் நிற்கும். அதற்கு எஞ்சினிலேயே ஒரு ஸ்ரொப் லீவர் இருக்கும், அதற்கு ஒரு கேபிள் போட்டு ஹாண்டிலுக்குக் கொண்டுவாருங்கள். இது சாதாரண நாளுக்கு. அசாதாரண நாள் ஒன்று வரும். எஞ்சின் தன் சொந்த ஒயிலையே உறிஞ்சிக் குடித்து ஓடத் தொடங்கும். எனக்கு நடந்தது. மோட்டார் சைக்கிள் முற்றத்தில் சரிந்து விழுந்தது. நிமிர்த்தி ஸ்ராட் பண்ணினேன். விழுந்து கிடந்தபோது ஒயில் மூச்சுக்குழாய் வழியாக எயார் ஃபில்டருக்குள் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. ஸ்ராட் ஆனது, சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஸ்ரொப் லீவரை இழுத்தேன், டீசல் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. 3600 இல் நிற்க வேண்டியது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்றே தெரியவில்லை, முற்றம் முழுக்கப் புகை, அடுத்த வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பலகைத் துண்டு ஒன்றை எடுத்து எயார் ஃபில்டர் வாயில் அமர்த்திப் பிடித்த பிறகுதான் மூச்சடைத்து நின்றது. கையை வைக்காதீர்கள், சாக்கையும் வைக்காதீர்கள், சாக்கை உள்ளே இழுத்துவிடும். அதற்குப் பிறகு காற்று வாயில் ஒரு தகட்டு மூடி செய்து, அதற்கும் ஒரு கேபிள் போட்டேன். எஞ்சின் மூச்சுக்குழாயைக் காற்று வாயிலிருந்து கழற்றி, தனியாக ஒரு சின்னப் போத்தலுக்குள் விட்டேன். இந்த மூடி இல்லாமல் ஒரு டீசல் மோட்டார் சைக்கிளையும் நான் றோட்டுக்கு விடமாட்டேன்.

இதே காரணத்தால்தான், சுற்று எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிற கவர்னரையும் கழற்றாதீர்கள் என்கிறேன். ஸ்பீட் வரும் என்று சில பொடியள் கழற்றுவார்கள். வார்ப்பு இரும்புப் பறக்கும் சில்லு தாங்குகிற சுற்றுக்கு ஒரு எல்லை உண்டு, அது உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கவர்னரோடு ஓடுவது வேறு பழக்கம். பெற்றோல் வண்டியில் ஹாண்டிலை முறுக்கினால் எண்ணெய் கூடும். இதில் முறுக்கினால், இத்தனை சுற்றில் ஓடு என்று எஞ்சினுக்குச் சொல்கிறீர்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஏற்றம் வந்தால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே தானாக எண்ணெய் கூட்டும். குளக்கட்டு ஏறும்போது அழகாக இருக்கும், மணலில் சில்லு வழுக்கும்போது விசர் வரும். கியர் மாற்றும்போது பாரமான பறக்கும் சில்லின் சுற்று குறைய நேரம் எடுக்கும், மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணிவிட்டு மாற்றுங்கள். இன்னொன்று, டீசல் என்றால் கையை விட்டதும் எஞ்சினே பிறேக் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதில் பெற்றோலைப் போலக் காற்று வாயை அடைக்கிற தகடு இல்லை, அதனால் நீங்கள் நினைக்கிற அளவு பிடிக்காது. எடையும் கூடிவிட்டது. பழைய ட்றம் பிறேக்கை நம்பாமல் முன்னுக்கு டிஸ்க் உள்ள வண்டியின் முன் முள்ளு (ஃபோர்க்) ஒன்றைத் தேடிப் பூட்டுங்கள்.

ஸ்ராட் பண்ணுவது கயிற்றில்தான், அமுக்கம் விடுகிற லீவரை அழுத்திவிட்டு வாட்டர் பம் மாதிரி நின்று இழுப்பது. சந்தையில் எல்லாரும் பார்ப்பார்கள், பழகிவிடும். கிக் எல்லாம் இந்த அமுக்கத்துக்கு உடையும்.

சட்டப்படி என்றால், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் எரிபொருளும் இருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் ஏ9 இல் ஏறினால் பொலிஸ் பிடிப்பது சின்னப் பிரச்சினை, யாராவது ஒருவர் மேல் மோதினால் காப்புறுதி கைவிடுவதுதான் பெரிய பிரச்சினை. முதலில் அங்கே போய்க் கேளுங்கள், பிறகு வெட்டுங்கள். கேட்காமல் செய்வதென்றால் சொந்த வயலுக்குள் மட்டும் ஓடுங்கள்.

கடைசியாகக் காசு. 2022 இல் எண்ணெய் வரிசையில் நின்ற காலத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அப்போது கியூஆர் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள், அதனால் டீசல் என்றால் தப்பலாம் என்று ஆசை. ஆனால் டீசல் வரிசையும் அதே நீளம். விலையும் பாருங்கள், அந்த ஜூன் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபா, டீசல் 460. நீங்கள் மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் சாதாரண 100 சிசி வண்டி 11 லீற்றர் குடிக்கும், டீசல் வண்டி 9 லீற்றர். அந்த விலைக்கு மாதம் ஆயிரம் ரூபா வித்தியாசம். 186 எஃப் ஒன்றின் விலையை அந்த ஆயிரத்தால் பிரித்துப் பாருங்கள், லேத் கூலியையும் சேர்த்து. உங்கள் பேரன் காலத்தில் லாபம் வரும். மண்ணெண்ணெயைக் கலந்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டீசலில் இருக்கிற வழுவழுப்பு அதில் இல்லை, நொசிலையும் அதற்கு டீசல் தள்ளுகிற பம்மையும் அது தின்றுவிடும்.

அப்படியென்றால் ஏன் செய்வது என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன். டுப் டுப் என்று ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது வயலில் நிற்கிற ஆட்கள் லாண்ட்மாஸ்டர் வருகுது என்று வரம்புக்கு ஒதுங்கி, திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்களுக்கும் அதே விசர் இருந்தால் செய்யுங்கள், காசுக்கு என்றால் வேண்டாம்.

அப்பாவின் எஞ்சினை மட்டும் இரும்புக்குப் போடாதீர்கள். தொட்டியைச் சுரண்டி, நொசிலைச் சோதித்து, ஒயில் மாற்றி ஒரு பம்மில் பூட்டினால் அடுத்த சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் இறைக்க உதவும். 186 எஃப் எடுக்கப் போகும்போது எஞ்சின் தகட்டையும், கியர் பொக்ஸுக்கு எடுக்கிற பெட்டியையும் படம் எடுத்து அனுப்புங்கள். டொப் கியரில் எண்ணின சுற்றையும் எழுதுங்கள், பல் கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.